காற்றுக்குப் போடும் பூட்டு

செஸ்னா 172 விமானத்தின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தால் நேர் எதிரே ஒரு கைச்சக்கரம். கார் ஸ்டியரிங்கின் மேற்பாதியை அறுத்துவிட்டது போல இருக்கும். அதைத் தாங்கும் குழாய்த் தண்டு கருவிப் பலகைக்குள் போய் மறைகிறது. தண்டின் மேற்புறத்தில் ஒரு சிறு துளை. பலகையில் தண்டைச் சுற்றியிருக்கும் வளையத்திலும் ஒரு துளை. சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி இரண்டு துளைகளையும் ஒரே நேரில் கொண்டுவந்து, வளைத்த இரும்புக் கம்பி ஒன்றை மேலிருந்து செருக வேண்டும். அவ்வளவுதான். அதன்பின் சக்கரம் திரும்பாது, முன்னே போகாது, பின்னே வராது. கம்பியோடு சேர்ந்தாற்போல ஒரு சிவப்புத் தகடு. எஞ்சினைக் கிளப்பும் முன் இதைக் கழற்று என்று அதில் எழுதியிருக்கும். கம்பி சரியாக உட்கார்ந்தால் அந்தத் தகடு போய் நிற்கிற இடம், ஸ்டார்ட் சாவி போடும் துளைக்கு முன்னால்.

தகடு அங்கே போய் நிற்பது தற்செயல் அல்ல. கம்பியைத் தெருமுனைப் பட்டறையில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் வளைத்துத் தந்துவிடுவார்கள். அந்தத் தகட்டுக்குத்தான் யோசனை தேவைப்பட்டிருக்கிறது. வெட்டவெளியில் நிற்கும் சிறு விமானங்களுக்கு எந்தப் பூட்டு நல்லது, கையால் செய்ததா, கடையில் வாங்கியதா என்ற கேள்வி அமெரிக்க விமானத் திடல்களில் ஓயாமல் நடக்கும் விவாதம். பெரும்பாலும் அது கம்பியைப் பற்றியே நடக்கிறது, தகட்டைப் பற்றி நடப்பதில்லை என்பது என் குறை.

முதலில் பூட்டு எதற்கு என்று பார்த்துவிடலாம். விமானத்தில் மூன்று வகை அசையும் பலகைகள் உண்டு. இறக்கைகளின் பின்விளிம்பில், நுனியை ஒட்டி இருப்பவை ஏலரான்கள். விமானத்தை இடமோ வலமோ சாய்ப்பவை. வாலின் படுக்கைப் பலகையில் இருப்பது எலிவேட்டர். மூக்கை மேலே தூக்கும், கீழே இறக்கும். நிமிர்ந்து நிற்கும் வாலில் இருப்பது சுக்கான். இவை எல்லாமே முன்விளிம்பில் கீல் போட்டுத் தொங்குபவை. பறக்கும்போது காற்று முன்னாலிருந்து வருகிறது, கீலைத் தாண்டிப் பின்னால் ஓடுகிறது. பலகை கொடி போல அதன் போக்கில் அமைதியாகக் கிடக்கும். நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கு வாலின் பக்கமிருந்து காற்று வந்தால் கதை தலைகீழ். கீல் இல்லாத விளிம்பைக் காற்று முதலில் பிடிக்கிறது, சற்றே தூக்குகிறது, தூக்கிய பலகையின் அடியில் இன்னும் அதிகமாகப் புகுகிறது, ஒரே அடியாக எல்லைவரை கொண்டுபோய் மோதுகிறது. பிறகு விடுகிறது. மறுபடி தூக்குகிறது. கொக்கி போடாத ஜன்னல் கதவு ஆடி மாதத்தில் இரவெல்லாம் அடித்துக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 20 நாட் காற்று சதுர மீட்டருக்கு 6 முதல் 7 கிலோ எடையளவு அழுத்தும். 40 நாட் என்றால் 26 கிலோ. 60 நாட்டில், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டரில், ஏறத்தாழ 60 கிலோ. ஆள் ஏறாத செஸ்னா 172 ஏறத்தாழ 750 கிலோதான். அது 50 நாட் வேகத்திலேயே காற்றில் நிற்கக்கூடியது. புயல் நாளில் எஞ்சின் இல்லாமலே அதற்குப் பறக்கும் யோகம் வாய்த்துவிடும். அதனால்தான் இறக்கைகளிலும் வாலிலும் கயிறு கட்டித் தரையில் புதைத்த வளையங்களில் முடிச்சுப் போடுகிறார்கள். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவது போலத்தான். கயிறு 700 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும் என்று செஸ்னாவின் கையேடு கணக்குச் சொல்கிறது. 2011 மார்ச் 31 அன்று புளோரிடாவின் லேக்லாண்டில், சன் அன் ஃபன் விமானத் திருவிழாவுக்கு வந்து புல்வெளியில் வரிசையாக நின்ற விமானங்களைப் புயல் புரட்டிப் போட்ட படங்களைப் பார்த்தவர்கள் கட்டுத்தறியைச் சாதாரணமாக நினைக்கமாட்டார்கள்.

ஆனால் விமானத்தைக் கட்டிப்போடுவது வேறு, பலகைகளைப் பூட்டுவது வேறு. மாடு தறியில் நின்றாலும் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருக்கும். கட்டிப்போட்ட விமானத்தின் ஏலரான் இரவு முழுக்க அடித்துக்கொண்டால் காலையில் பார்வைக்கு எதுவும் தெரியாமல் போகலாம். கீல் ஊசிகள் தேய்ந்திருக்கும். பலகை நின்று மோதும் தடுப்புகள் வளைந்திருக்கும். தள்ளுதண்டின் முனைத் தாங்கியில் ஆட்டம் வந்திருக்கும். இறக்கைக்குள் கப்பியின் பள்ளத்திலிருந்து கம்பிவடம் நழுவத் தயாராக இருக்கும். காற்று இயற்கையாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் நின்ற விமானம் எஞ்சினை முறுக்கிக்கொண்டு திரும்பினாலும், ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போனாலும் போதும்.

பலகையை எங்கே பிடித்து நிறுத்துவது? பலகையை ஆட்டும் கைப்பிடியை உள்ளே பிடிக்கலாம், அல்லது பலகையையே வெளியே பிடிக்கலாம். செஸ்னாவின் கம்பி முதல் வகை. அது ஏலரான்களை நடுநிலையிலும் எலிவேட்டரைச் சற்றுத் தாழ்ந்த நிலையிலும் நிறுத்துகிறது. முன்னாலிருந்து காற்று வந்தால் மூக்கைத் தூக்காமல் தரையோடு அமுக்கட்டும் என்ற கணக்கு. உட்பூட்டின் குறை என்னவென்றால், காற்று பலகையைத் தள்ளும் விசை முழுவதும் வடம், கப்பி, தண்டு என்று எல்லாவற்றின் வழியாகவும் வந்துதான் அந்தக் கம்பியில் முட்டுகிறது. வடம் கொஞ்சம் இழுபடும், பலகை கொஞ்சம் துடிக்கும். வெளிப்பூட்டோ பலகையையும் இறக்கையையும் நேராகச் சேர்த்துக் கவ்விவிடுகிறது. உள்ளே எதற்கும் வலி இல்லை. காற்றை எதிர்ப்பது ஒன்றுதான் கேள்வி என்றால் வெளிப்பூட்டுக்கே முதல் பரிசு.

செஸ்னாவின் கம்பி சுக்கானைத் தொடுவதே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுக்கான் கால்மிதிகளோடு இணைந்தது. கால்மிதிகள் மூக்குச் சக்கரத்தோடும் இணைந்தவை. பைப்பர் செரோக்கி வகை விமானங்களில் இந்த இணைப்பு நேரடியான தண்டு. தரையில் அழுந்தி நிற்கும் மூக்குச் சக்கரமே சுக்கானை ஓரளவு பிடித்துக்கொள்ளும். செஸ்னாவில் இடையில் ஸ்பிரிங் இருக்கிறது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே சுக்கான் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு ஆடும். அதனால் பலத்த காற்று அடிக்கும் ஊர்களில் வாலுக்குத் தனியாக ஒரு வெளிப்பூட்டு போடச் சொல்கிறது செஸ்னா கையேடு. பைப்பரிலும் தலைகீழாக ஒரு ஆபத்து உண்டு: கால்மிதிகளைப் பூட்டிவிட்டு, அதை மறந்து யாராவது மூக்குச் சக்கரத்தில் இழுகம்பியை மாட்டித் திருப்பினால் நேரடித் தண்டுதான் வளையும். ஒரு விமானத்துக்குச் சரியான பூட்டு பக்கத்து விமானத்துக்குத் தப்பான பூட்டு.

செரோக்கியின் கையேடு உட்பூட்டுக்குக் கம்பி எதுவும் தருவதில்லை. முன்னிருக்கையின் சீட் பெல்ட்டைக் கைச்சக்கரத்தில் சுற்றி இறுக்கிவிடு என்கிறது. முதல்முறை கேட்டபோது சிக்கனத்துக்கு ஒரு அளவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், இந்தத் துறையிலேயே மிகப் புத்திசாலித்தனமான பூட்டு இதுதான். சீட் பெல்ட் போடாமல் யாரும் பறக்கப் போவதில்லை. பெல்ட் போட வேண்டும் என்றால் அதைச் சக்கரத்திலிருந்து அவிழ்த்தே ஆக வேண்டும். பூட்டைத் திறக்க யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பெல்ட் கொஞ்சம் நெகிழும், பலகைகள் ஒரு விரற்கடை ஆடும், உண்மைதான். புயலுக்கு இது போதாது. சாதாரண மாலைக்கு இதைவிட வேறு வேண்டாம்.

இனி வீட்டுத் தயாரிப்புகள். வெளிப்பூட்டைத் தானே செய்துகொள்பவர் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில்தான் தொடங்குவார். முழ நீளத்துக்கு இரண்டு பட்டைகள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுவார். உட்பக்கத்தில் பழைய தரைவிரிப்பின் துண்டையோ கம்பளித் துணியையோ ஒட்டுவார். ஏலரானும், இறக்கையின் பின்விளிம்பில் அதற்குப் பக்கத்தில் இறக்கி ஏற்றும் பலகையான ஃபிளாப்பும் சந்திக்கும் இடத்தில் விரல் நுழையாத ஒரு இடுக்கு இருக்கும். அதன் வழியாக ஒரு போல்ட்டை விட்டு, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, கையால் திருகும் இறகு நட்டு. நான்கு திருகு திருகினால் ஏலரானும் ஃபிளாப்பும் ஒரே பலகை போல நின்றுவிடும். சுக்கானுக்கு இதே வேலை, வாலின் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும்படி நீளமான பட்டைகள். செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேல் போகாது. கடைச்சரக்கைவிட இது எந்த விதத்திலும் பலம் குறைந்ததல்ல. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த ஒரு விமானத்துக்கு இன்னும் கச்சிதமாகக்கூடப் பொருந்தும்.

கோளாறு சின்னச் சின்ன இடங்களில் வருகிறது. தரைவிரிப்புத் துண்டு மழையில் நனைந்து, நாள்கணக்கில் ஈரத்தை அலுமினியத் தகட்டோடு ஒட்டிவைத்திருக்கும். பெயின்டுக்குக் கீழே அரிப்பு தொடங்கும். புழுதியடிக்கும் திடலில் அதே துணி மணலைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாளாக மாறும். நீரை உறிஞ்சாத ரப்பர் நுரை இதைவிட மேல். நட்டை லேசாகத் தளர்த்தி விட்டாலும் ஆபத்து: பூட்டுக்குள் பலகை ஆட இடம் கிடைத்தால், முன்பு தடுப்பில் மோதியது இப்போது கட்டையில் மோதும். ரப்பர் இழுகயிறு கட்டி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இழுபட்டு மீளும் பொருள் பலகையை நிறுத்துவதில்லை, ஊஞ்சலாட்டுகிறது. இன்னொன்று: ஏலரானையும் ஃபிளாப்பையும் சேர்த்துக் கவ்விய பூட்டைக் கழற்றாமல், பறப்பதற்கு முந்தைய சோதனை என்று விமானி உள்ளே போய் ஃபிளாப் சுவிட்சைக் கீழே தள்ளினால், மின் மோட்டார் தயவு தாட்சண்யம் பார்க்காது. பின்விளிம்புத் தகடு கசங்கிய பிறகுதான் சத்தம் கேட்கும்.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்க்கு இந்த உலகத்தில் தனி மரியாதை. கைச்சக்கரத் தண்டின்மேல் மாட்ட நீளவாக்கில் பிளந்த குழாய், கால்மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே முட்டுக்கொடுக்கும் குழாய், வான்ஸ் ஆர்வி போன்ற வீட்டில் கட்டும் விமானங்களில் கைக்கோலையும் கால்மிதிகளையும் சேர்த்துப் பிணைக்கும் சட்டம் என்று ஆளுக்கொரு வடிவம். மலிவு, இலேசு, வீட்டுச் சாமான்களிலேயே முடிந்துவிடும். இரண்டு மூன்று கோடை வெயில் கண்ணாடி வழியே விழுந்தபின் அது நொறுங்கத் தொடங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கால்மிதிகளுக்கு நடுவே நிற்கும் குழாயில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு: அது இருக்கும்வரை காலை வைக்க முடியாது.

வீட்டு வேலையில் மிக மோசமானது மிகச் சுலபமானதுதான். செஸ்னாவின் கம்பி எப்படியோ தொலைந்துபோகும். புதிதாக வாங்க வேண்டும், அதுவரை இருக்கட்டும் என்று அந்தத் துளையில் ஒரு ஆணியையோ போல்ட்டையோ போட்டுவைப்பார்கள். துளையை அது அச்சாக அடைக்கும். காற்றை அசல் கம்பியைப் போலவே தாங்கும். சிவப்புத் தகடு மட்டும் இல்லை. கருமையான தண்டில் கருமையான ஆணித்தலை, அந்தி வெளிச்சத்தில், கருவிகளின் முள்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? அமெரிக்க விபத்து விசாரணைப் பதிவுகளில் இந்த வகைக் கதை ஒருமுறை இரண்டுமுறை மட்டும் வருவதல்ல. பறந்து எழுந்த விமானம் மூக்கைத் தூக்கமுடியாமலோ சாய்வைத் திருத்தமுடியாமலோ விழுகிறது. சிதைவுகளுக்குள் தண்டில் செருகியபடியே அந்த இரும்புத் துண்டு கிடைக்கிறது.

கடைச்சரக்குக்கு அதிக இடம் ஒதுக்கத் தேவையில்லை. ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ் போன்ற விமான உதிரிபாகக் கடைகளின் பட்டியலைப் புரட்டினால் நுரை பதித்த அலுமினியக் கவ்விகள், வாலை அணைக்கும் பெரிய கவ்விகள், செஸ்னா, பைப்பர், பீச்கிராஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டுப்பூட்டுகள் எல்லாம் கிடைக்கும். ஆர்வி வகைகளுக்குக் கைக்கோலையும் கால்மிதிகளையும் ஒரே மூச்சில் பிடிக்கும் மடக்குச் சட்டத்தை ஆன்டிஸ்ப்ளாட் ஏரோ விற்கிறது. பீச்கிராஃப்டின் இரட்டை எஞ்சின் கிங் ஏருக்கு வரும் பூட்டில் கைச்சக்கரத்தின் ஊசி, கால்மிதியின் ஊசி, எஞ்சின் நெம்புகோல்களை அணைக்கும் கொக்கி ஆகியவை ஒரே சங்கிலியில் கோத்திருக்கும்; ஒன்றைக் கழற்றப் போனால் மற்றவை கூடவே கண்ணில் படும். கடையில் வாங்குவதன் ஆதாயம் அலுமினியத்தின் பலத்தில் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, மறக்கப்போகிற ஒரு விமானியை மனதில் வைத்து, அந்தச் சங்கிலியைக் கோத்திருக்கிறார். வெறும் கவ்வியும் ஒரு முழச் சிவப்பு ரிப்பனும் மட்டும் வருகிற கடைச்சரக்குக்கு இந்தப் பெருமை இல்லை; அதையும் ஒட்டுப்பலகைப் பூட்டையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டும்.

ரிப்பன் கட்டியிருந்தால் யார் மறப்பார்கள் என்று கேட்கலாம். மறந்தவர்களின் பட்டியல் சாமானியர்களின் பட்டியல் அல்ல.

1935 அக்டோபர் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ரைட் திடலில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299, நான்கு எஞ்சின் வெடிகுண்டு விமானம், ராணுவத்தின் ஒப்பந்தத்துக்காகப் போட்டியில் நின்றது. ஓட்டியவர் மேஜர் பிளோயர் ஹில், ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. வாலின் பூட்டை உள்ளிருந்தே போடவும் எடுக்கவும் வசதி செய்திருந்தார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி, வேகமிழந்து, சாய்ந்து விழுந்து எரிந்தது. ஹில்லும், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் உயிரிழந்தார்கள். பெரிய ஒப்பந்தம் டக்ளஸ் நிறுவனத்துக்குப் போனது. விமானிகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் என்ற வழக்கம் அந்தச் சாம்பலிலிருந்துதான் பிறந்தது. இன்று அறுவை சிகிச்சை அறைவரை போய்விட்ட அந்தப் பட்டியலின் பூர்வீகம் எடுக்க மறந்த ஒரு காற்றுப்பூட்டு.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1936 ஜூன் 3 அன்று ஜெர்மன் விமானப்படையின் பணிக்குழுத் தலைவராக (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) இருந்த வால்டர் வேவர், டிரெஸ்டனிலிருந்து அவசரமாகக் கிளம்பினார். ஹைன்கெல் 70 விமானம், தானே ஓட்டினார். ஏலரான் பூட்டு கழற்றாமல் இருந்தது. நெடுந்தூர வெடிகுண்டு விமானங்களுக்காக வாதாடிய மனிதர் அவர். அவரோடு அந்தத் திட்டமும் ஏறக்குறைய முடிந்துபோனது.

1947-இல் நடந்தது வேறு ரகம். அக்டோபர் 8 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-4 ஒன்று பயணிகளோடு மேற்கே பறந்துகொண்டிருந்தது. விமானி அறையில் கூடுதலாக உட்கார்ந்திருந்த ஒரு மூத்த விமானிக்கு விளையாட்டுப் புத்தி தோன்றி, பறக்கும்போதே காற்றுப்பூட்டைப் போட்டுவிட்டார். ஓட்டியவர் விமானம் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று புரியாமல் நுண்திருத்தச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே போனார். விஷயம் விபரீதமாகப் போவதைக் கண்டு அந்த மூத்த விமானி பூட்டை எடுத்ததும், சேர்த்துவைத்த திருத்தம் எல்லாம் ஒரே கணத்தில் வேலை செய்தது. விமானம் குப்புறப் பாய்ந்து தலைகீழாகிவிட்டது. பெல்ட் போட்டிருந்தவர் துணை விமானி மட்டும்தான். தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் அவர் அதை நிமிர்த்தி எல் பாசோவில் இறக்கினார். யாரும் சாகவில்லை. பூட்டு பறக்கும்போது தவறிக்கூட மாட்டிக்கொள்ளக் கூடாது என்று விதிகள் சொல்வதை இந்தக் கதையோடு சேர்த்துப் படித்தால் நன்றாகப் புரியும்.

வெளிப்பூட்டின் கொடுமைக்கு 1977 டிசம்பர் 13 சாட்சி. இந்தியானா மாநிலம் எவன்ஸ்வில்லில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை ஏற்றிச்செல்ல வந்த டிசி-3, மோசமான வானிலையால் மணிக்கணக்கில் தாமதமாகியிருந்தது. இரவு, தூறல், மூடுபனி. மூட்டைகளைப் பின்பக்கம் ஏற்றினார்கள். டிசி-3க்கு அந்தக் காலத்திலிருந்தே வெளியே மாட்டும் பூட்டுகள்தான். ஒவ்வொரு பலகைக்கும் ஒன்று, எல்லாவற்றையும் ஒருவர் சுற்றிவந்து கழற்ற வேண்டும். சுக்கானிலும் வல ஏலரானிலும் பூட்டு அப்படியே இருக்க விமானம் எழுந்தது. ஒன்றரை நிமிடத்தில் விழுந்தது. 29 பேர் பயணம் செய்தார்கள், 29 பேரும் போனார்கள். எடை பின்னால் ஒதுங்கியதும் பூட்டுகளும் சேர்ந்தே காரணம் என்றது விசாரணை. விமானி இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் டிசி-3யின் வால் தெரியாது. செஸ்னாவின் சுக்கானும் தெரியாது. சிவப்பு ரிப்பன் எவ்வளவு நீளமானால் என்ன, அது படபடப்பது முதுகுக்குப் பின்னால், இருட்டில்.

1992 ஆகஸ்டில் கனடாவின் கிம்லியில் புது எஞ்சின் பொருத்திச் சோதித்த கேரிபு விமானம் ஒன்று இதே காரணத்தால் எழுந்ததும் செங்குத்தாகி விழுந்தது. மூவர் இறந்தனர். அதை அதிகம் விவரிக்கப் போவதில்லை. ஏனென்றால் மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்ட் விபத்தில்தான் எல்லாப் பாடமும் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

2014 மே 31, இரவு. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4, செல்வந்தர்களின் தனி ஜெட். அதன் பூட்டு நெம்புகோல் விமானி அறையிலேயே, எஞ்சின் விசைக்கருகே இருக்கிறது. பூட்டு போட்டிருந்தால் எஞ்சின் விசையைக் கொஞ்சத்துக்கு மேல் தள்ள முடியாதபடி ஒரு தடுப்பும் உண்டு. அனுபவசாலிகள் இருவர் ஓட்டினார்கள். எஞ்சின் கிளப்பும்போதும் பூட்டை எடுக்கவில்லை, கைச்சக்கரத்தை எல்லாத் திசைகளிலும் முழுக்க ஆட்டிப் பார்க்கவும் இல்லை. விசை முழுதாக ஏறவில்லை என்று தெரிந்தும் ஓட்டம் தொடர்ந்தது. மூக்கைத் தூக்கவேண்டிய வேகம் வந்ததும்தான் பூட்டு இருக்கிறது என்று விமானி கண்டுகொண்டார். ஒலிப்பதிவில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உடனே விசையைக் குறைத்து பிரேக் போட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். ஹைட்ராலிக் அழுத்தத்தை நிறுத்தினால் பூட்டு விடுபடும் என்று நம்பி அந்தச் சில விநாடிகளைச் செலவிட்டார்கள். விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடைப்பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள், பிலடெல்பியா இன்குவைரர் நாளிதழின் பங்குதாரர் லூயிஸ் காட்ஸும் அவர்களில் ஒருவர்.

விசாரணையில் வெளிவந்த இரண்டு விஷயங்கள் விபத்தைவிட அதிகம் பேசக்கூடியவை. விமானத்தின் பதிவுக் கருவியில் இருந்த முந்தைய 175 புறப்பாடுகளைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் புரட்டிப் பார்த்தது. கைச்சக்கரத்தை முழுக்க ஆட்டிப் பார்க்கும் சோதனை முறையாக நடந்தது இரண்டே இரண்டு முறை. அன்று மறக்கவில்லை, அநேகமாக என்றைக்குமே செய்யவில்லை. இரண்டாவது: எஞ்சின் விசையைத் தடுக்கும் அந்த அமைப்பு, விசையை ஆறு பாகைக்கு மேல் போகவிடக் கூடாது என்று வடிவமைத்தது, உண்மையில் மூன்று நான்கு மடங்கு போகவிட்டது. சான்று கொடுக்கும்போது அதைச் செய்து பார்த்துச் சோதிக்காமல் வரைபடங்களைப் பார்த்தே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தகடு சாவித்துளையை மறைக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். யாரும் சாவியைப் போட்டுப் பார்க்கவில்லை.

அப்படியானால் பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் ஒரு கூடைப்பந்து அணிதான் பதில் சொல்கிறது. 2017 மார்ச் 8, மிச்சிகன் மாநிலத்தின் யிப்சிலாண்டி. மிச்சிகன் பல்கலைக்கழக அணியோடு 116 பேர் ஏறிய எம்டி-83. அந்த வகை விமானத்தின் எலிவேட்டருக்குக் காற்றுப்பூட்டே கிடையாது. இரண்டு நாள் திறந்தவெளியில், ஒரு பெரிய விமானக் கூடத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. அளவெடுத்த காற்று, வடிவமைப்பின் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் கூடத்தின் மேல் மோதிச் சுழன்று இறங்கிய காற்று வல எலிவேட்டரை எல்லைக்கு அப்பால் அடித்து, இணைப்புத் தண்டை மடக்கி, கீழ்நோக்கிய நிலையிலேயே சிக்க வைத்துவிட்டது. விமானிகள் முறைப்படி சோதித்தார்கள். அந்த விமானத்தில் கைச்சக்கரம் எலிவேட்டரை நேராக ஆட்டுவதில்லை, அதன் பின்விளிம்பிலுள்ள குட்டிப் பலகையைத்தான் ஆட்டுகிறது என்பதால் சோதனையில் எதுவும் தெரியவில்லை. மூக்கு எழவில்லை என்றதும், புறப்பாட்டைக் கைவிடுவதற்கான எல்லை வேகத்தைக் கடந்த பிறகும், விமானி துணிந்து நிறுத்தினார். விமானம் ஓடுபாதைக்கு வெளியே போய் நின்றது. 116 பேரும் உயிரோடு இறங்கினார்கள். எவன்ஸ்வில்லில் இருந்த பூட்டு கொன்றது. யிப்சிலாண்டியில் இல்லாத பூட்டு கொல்லப் பார்த்தது.

சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் இருந்த ஒரு பிரிவு இதற்கு ஒரு வரையறை தந்தது. பூட்டு ஒன்று இருந்தால், விமானி வழக்கம்போலக் கைப்பிடியை இயக்கியதும் அது தானே விடுபட வேண்டும். அல்லது பூட்டு போட்டிருப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவருக்குத் தெரிய வேண்டும், அதுவும் ஓட்டம் தொடங்கும்போதே. செஸ்னா கேரவனின் சுக்கான் பூட்டு முதல் வகைக்கு அழகான உதாரணம்: வெளியே வாலருகே உள்ள பிடியால் போடுவது, உள்ளே கைச்சக்கரத்தைத் தன்பக்கம் இழுத்தால் தானே விட்டுவிடும். 172-இன் சிவப்புத் தகடு இரண்டாம் வகை. ஆனால் இந்த விதி விமானத்தோடு சேர்த்துச் சான்று பெறும் பூட்டுக்கு. ஒருவர் தன் கார் டிக்கியிலிருந்து எடுத்துவந்து வாலில் மாட்டும் கவ்வியை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை, அது மரமானாலும் அலுமினியமானாலும்.

ஆகவே என் தீர்ப்பை இப்படிச் சொல்கிறேன். உட்பூட்டு விஷயத்தில் கைவேலை வேண்டாம். தொலைந்த கம்பிக்கு அசலையே வாங்குங்கள், வரும்வரை சீட் பெல்ட்டைச் சுற்றுங்கள். ஆணி கூடவே கூடாது. வெளிப்பூட்டைத் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். ஒட்டுப்பலகையும் ரப்பர் நுரையும் போதும். அதற்கு ரிப்பன் கட்டும்போதுதான் கொஞ்சம் கடைக்காரர் மூளை வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆடும் ரிப்பன் காற்றடிக்கிறதா என்று காட்டும், பூட்டு இருக்கிறதா என்று விமானிக்குக் காட்டாது.

நான் பார்த்தவற்றில் மனதுக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. வெளியே மூன்று பூட்டுகள்: ஏலரானுக்கு இரண்டு, சுக்கானுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை, பையின் மேல் பூட்டின் எண். மாலையில் பூட்டுகளை மாட்டியதும், வெறுமையான மூன்று பைகளையும் கைச்சக்கரத்தின் நடுவே, ஸ்டார்ட் சாவிக்கு மேலே தொங்கும்படி கட்டிவிட்டுப் போவார் அந்த உரிமையாளர். மறுநாள் காலை அவர் செய்யும் முதல் வேலை பைகளை அவிழ்த்துக்கொண்டு வெளியே இறங்குவது. ஒன்று, இரண்டு என்று பைகள் நிறையும். மூன்றாவது பை காலியாகக் கையில் தொங்கினால் எஞ்சின் சத்தம் வராது. வாலை நோக்கிப் புல்லில் நடக்கும் செருப்புச் சத்தம்தான் வரும்.